36 டிகிரி அறையில் 450 வாட்: ஒரு ரேடியேட்டர் தேர்வு

பெரம்பூரில் எங்கள் வீட்டு மேல் அறைக்கு நேர் மேலே மொட்டை மாடி. ஏப்ரல் பிறந்துவிட்டால், பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் இரவு இரண்டு மணி வரை அந்தச் சூட்டைக் கீழே இறக்கிக்கொண்டே இருக்கும். என் அக்கா மகனின் கணினி அந்த அறையில்தான் இருக்கிறது. முப்பரிமாண அனிமேஷன் படிக்கிறான். பிளெண்டர் மென்பொருளில் காட்சிகளை ரெண்டர் செய்ய, அதாவது ஒவ்வொன்றையும் முழுப் படமாக உருவாக்கப் போட்டுவிட்டுத் தூங்கப் போவான். காலையில் எழுந்து எத்தனை ஃபிரேம் முடிந்தது என்று பார்ப்பான். அறையில் ஏசி கிடையாது.

கணினியில் ரைசன் 9 5950எக்ஸ் பிராசஸரும் ஆர்டிஎக்ஸ் 3080 கிராஃபிக்ஸ் அட்டையும் உள்ளன. முன்னது அதிகபட்சம் 142 வாட் எடுக்கும், பின்னது 320 வாட். இரண்டுக்கும் ஒரே நேரத்தில் வேலை கொடுத்தால் 450 வாட் சுமாராக வெப்பமாகிறது. காற்றுக் குளிர்விப்பான்களின் இரைச்சலில் பக்கத்து அறையில் யாரும் தூங்க முடியவில்லை என்பதால், தண்ணீர்க் குளிர்விப்பை நாங்களே செய்து போடலாம் என்று டிசம்பரில் இறங்கினோம். பிராசஸருக்கும் கிராஃபிக்ஸ் அட்டைக்கும் செம்பு வாட்டர் பிளாக் (சிப்பின் மேல் அமர்ந்து அதன் சூட்டைத் தண்ணீருக்கு மாற்றும் கட்டி), டி5 வகை பம்ப், ஒரு சிறு தொட்டி, மென்குழாய். தண்ணீரின் சூட்டைக் காற்றுக்குக் கொடுக்கும் ரேடியேட்டர் மட்டும், பழைய வாகன உதிரிபாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் வாங்கிய ஒரு பழைய கார் ஹீட்டர் கோர், அதாவது எஞ்சின் வெந்நீரால் காருக்குள் காற்றைச் சூடாக்கும் சிறு ரேடியேட்டர். அதன் முகத்தில் இரண்டு 120 மி.மீ. ஃபேன்.

அந்த ஹீட்டர் கோர்தான் நான் செய்த தவறு. ஒன்றல்ல, இரண்டு தவறுகள் அதில் இருந்தன.

ஏப்ரலில் என்ன நடந்தது

டிசம்பரில் அறை 27 டிகிரி. ரெண்டர் ஓடும்போது தண்ணீர் 45, பிராசஸர் 76, கிராஃபிக்ஸ் 62. நாங்கள் மகிழ்ந்துபோனோம். ஏப்ரல் நடுவில் ஒரு காலை அவன் கீழே வந்து, "மாமா, ராத்திரி பாதி வேலைதான் முடிந்திருக்கிறது" என்றான். பிராசஸர் தன் எல்லையான 90 டிகிரியைத் தொட்டு, தானே வேகத்தைக் குறைத்துக்கொண்டிருந்தது. அறை 35, தண்ணீர் 54, கிராஃபிக்ஸ் 78.

வெயில் என்று சொல்லிவிட்டு விட்டிருக்கலாம். ஆனால் இந்த எண்களை ஒன்றிலிருந்து ஒன்று கழித்துப் பார்த்தால்தான் நோய் எங்கே என்று தெரியும். தண்ணீருக்கும் அறைக்கும் உள்ள வித்தியாசம் டிசம்பரில் 18, ஏப்ரலில் 19. ரேடியேட்டர் அன்று எப்படி வேலை செய்ததோ இன்றும் ஏறக்குறைய அப்படியேதான் செய்கிறது. பிராசஸருக்கும் தண்ணீருக்கும் உள்ள வித்தியாசமோ 31லிருந்து 36 ஆகியிருக்கிறது. கிராஃபிக்ஸில் 17லிருந்து 24. வாட்டர் பிளாக்குக்குள் ஏதோ கெட்டிருக்கிறது. தண்ணீர்க் குளிர்விப்பில் எந்தப் புகார் வந்தாலும் முதலில் இந்த இரண்டு வித்தியாசங்களைத்தான் கேட்க வேண்டும் என்பேன். வெறுமனே பிராசஸர் சூட்டைச் சொன்னால் ரேடியேட்டர் பழியா, பிளாக்கின் பழியா என்று பிரிக்க வழியில்லை.

பிளாக்கைத் திறந்தோம். அடித்தட்டில் அரை மில்லிமீட்டருக்கும் குறைந்த அகலத்தில் சீப்புப் பல் போன்ற வாய்க்கால்கள் இருக்கும். தண்ணீர் அவற்றின் வழியேதான் ஓட வேண்டும். அவற்றில் பாதி, வெண்சாம்பல் நிறத்தில் கஞ்சி போன்ற ஒன்றால் அடைபட்டிருந்தது. விரலால் தேய்த்தால் வழவழத்தது. தொட்டித் தண்ணீரும் அரிசி கழுவிய நீர் போல மங்கியிருந்தது.

ஹீட்டர் கோரின் வாய்க்குழாயை அரத்தால் லேசாகச் சுரண்டினேன். வெள்ளி நிறம். அலுமினியம். விற்றவர் செம்பு என்றார், நானும் சுரண்டிப் பார்க்காமல் நம்பி வாங்கி வந்திருந்தேன். மேலே அடித்திருந்த கறுப்பு வண்ணம் எல்லாவற்றையும் மறைத்துவிட்டது. கையில் தூக்கியபோதே எடை குறைவாக இருந்தது. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

செம்பும் அலுமினியமும் ஒரே தண்ணீரில் நனைந்தால் அது ஒரு சிறிய பேட்டரி. மின்வேதி வரிசையில் செம்பு +0.34 வோல்ட்டிலும் அலுமினியம் −1.66 வோல்ட்டிலும் நிற்கின்றன. இடைவெளி இவ்வளவு பெரிதாக இருக்கும்போது அலுமினியம் கரைந்தே தீரும். கரைந்தது ஹைட்ராக்சைடாகி, குழைந்து, சுற்றில் எங்கே வழி குறுகலோ அங்கே போய் உட்காரும். கார் எஞ்சினிலும் பல உலோகங்கள் சேர்ந்துதானே இருக்கின்றன என்று கேட்கலாம். அங்கே அரிப்புத் தடுப்பு மருந்து கலந்த கூலன்ட் ஓடுகிறது, குறித்த காலத்தில் மாற்றுகிறார்கள், வழிகளும் அகலம். அதே கூலன்ட்டைக் கணினிச் சுற்றில் ஊற்றினாலும் அரிப்பு மெதுவாகுமே தவிர நிற்காது.

ஹீட்டர் கோர் ஏன் முதலில் மனத்தில் வந்தது

இந்த வழக்கத்துக்கு ஒரு மரபு உண்டு. 2000ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில், கணினிக்கென்றே செய்த ரேடியேட்டர் கிடைப்பது அரிதாக இருந்தபோது, அமெரிக்காவில் பிராசஸரைக் குறித்த வேகத்துக்கு மேல் ஓட்டும் ஓவர்கிளாக்கிங் ஆர்வலர்கள் கார் உதிரிபாகக் கடைகளுக்குப் போனார்கள். செவ்ரோலே செவெட் காரின் ஹீட்டர் கோரும், 1977ஆம் ஆண்டு பான்டியாக் போன்வில் காரின் ஹீட்டர் கோரும் அவர்களிடையே பெயர் பெற்றவை. பித்தளைக் குழாய், செம்புத் தகடு, ஈயப்பற்று. மலிவு, உறுதி. அந்தக் கதைகளைப் படித்து வளர்ந்தவன் நான்.

அந்த மரபில் நான் கவனிக்காமல் விட்டது, அன்றைய வெப்பத்தின் அளவு. ஆத்லான் தண்டர்பேர்ட் 1.4 கிகாஹெர்ட்ஸ் பிராசஸர் அதிகபட்சம் தந்தது 72 வாட். எங்கள் சுற்று அதைப் போல ஆறு மடங்கு தருகிறது. மேலும், இன்று காரிலிருந்து கழற்றி விற்கப்படும் கோர்களில் பெரும்பாலானவை பிளாஸ்டிக் தொட்டி மடித்துப் பொருத்திய அலுமினியம்.

மீண்டும் புதுப்பேட்டைக்குப் போனேன், இம்முறை விற்பவரிடம் அல்ல, ரேடியேட்டர் பழுது பார்க்கும் பெரியவர் ஒருவரிடம். பித்தளைக் கோர் ஒன்று அவரிடம் இருந்தது. அதை அடைத்துத் தண்ணீர்த் தொட்டியில் முக்கி, காற்றடித்து, குமிழி வருகிறதா என்று பார்த்துக்கொண்டே, "தம்பி, முன்னால் ஃபேன் என்ன போடுகிறீர்கள்?" என்று கேட்டார். செல்பேசியில் படத்தைக் காட்டினேன். அந்த ஃபேனுக்கு இந்தக் கோர் மூச்சு முட்டும் என்றார். காரில் இதன் பின்னால் இருப்பது பெட்டிக்குள் சுழலும் வலுவான புளோவர்; நெருக்கமான தகடுகளுக்குள்ளும் அது காற்றைத் திணித்துவிடும். கணினி ஃபேன் அப்படித் தள்ளாது.

நான் அதுவரை எந்த உலோகம், எத்தனை வரிசைக் குழாய், எவ்வளவு கனம் என்றே யோசித்துக்கொண்டிருந்தேன். அவர் கேட்ட முதல் கேள்வியே காற்றைப் பற்றியது. வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன்.

கணக்கு

முதலில் தண்ணீர். எங்கள் சுற்றில் நிமிடத்துக்கு 3.5 லிட்டர் ஓடுகிறது, அதாவது வினாடிக்கு 58.3 கிராம். ஒரு கிராம் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 4.18 ஜூல் வேண்டும். 58.3ஐ 4.18ஆல் பெருக்கினால் டிகிரிக்கு 244 வாட். ஆக, 450 வாட்டையும் வாங்கிக்கொண்டு தண்ணீர் ஏறுவது 1.8 டிகிரிதான். சுற்றின் எந்த மூலையில் அளந்தாலும் தண்ணீர் ஏறக்குறைய ஒரே சூட்டில்தான் இருக்கும். தொட்டிக்கு அடுத்து ரேடியேட்டரா, பிளாக்கா என்ற வரிசைச் சண்டைக்கு இதற்கு மேல் மதிப்பில்லை. தொட்டி பம்ப்புக்கு முன்னால் இருந்தால் போதும்.

இனி காற்று. நாங்கள் வாங்க நினைத்தது ஆர்க்டிக் பி12 ஃபேன்; நிமிடத்துக்கு 1,800 சுழற்சியில், நிமிடத்துக்கு 56.3 கன அடி காற்று என்று தயாரிப்பாளர் சொல்கிறார். அது தடையில்லாத வெளியில் ஓடும் கணக்கு. ரேடியேட்டர் முன்னால் நின்றால் பாதி கிடைக்கும் என்று வைத்துக்கொண்டேன். அப்படியானால் ஒரு ஃபேனுக்கு வினாடிக்கு 13 லிட்டர். மூன்று ஃபேன் கொண்ட 360 ரேடியேட்டருக்கு 40 லிட்டர். 35 டிகிரிக் காற்றில் லிட்டருக்கு 1.15 கிராம், ஆக 46 கிராம். ஒரு கிராம் காற்றை ஒரு டிகிரி சூடாக்க ஒரு ஜூல் வேண்டும். 450 வாட்டைச் சுமக்க அந்தக் காற்று 9.8 டிகிரி சூடாகியே ஆக வேண்டும்.

இந்த எண்ணின் முன்னால் நான் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். இது ரேடியேட்டரைப் பற்றிய எண்ணே அல்ல. உள்ளே 36 டிகிரியில் நுழைந்த காற்று ஏறக்குறைய 46 டிகிரியில்தான் வெளியேறும். அதைச் சூடாக்கும் தண்ணீர் 46க்குக் கீழே இருக்க முடியாது. ரேடியேட்டரை வெள்ளியில் செய்தாலும், கனத்தை இரண்டு மடங்காக்கினாலும், அந்த 10 டிகிரி அப்படியே இருக்கும். நிஜ ரேடியேட்டர் அந்த எல்லையைத் தொடாது என்பதால் 15, 16 டிகிரி வித்தியாசம் வரும். அதைக் குறைக்க ஒரே வழி, இன்னும் அதிகக் காற்றை வெப்பத்தின் குறுக்கே ஓடவிடுவது. ஒன்று ஃபேனை வேகமாகச் சுழற்ற வேண்டும், அதில் இரைச்சல் வரும். அல்லது முகப்பைப் பெரிதாக்க வேண்டும்.

கார் ஹீட்டர் கோரின் கணக்கும் இதே வழியில் விளங்கிவிட்டது. அதற்குள் ஓடும் எஞ்சின் நீர் 90 டிகிரியை ஒட்டி இருக்கும். வெப்பம் கைமாறும் அளவு சூட்டு வித்தியாசத்தைப் பொறுத்தது. 60 டிகிரி வித்தியாசத்தில் 3,000 வாட் தரும் ஒரு கோர் இருந்தால், நமக்கு வேண்டிய 10 டிகிரியில் அது தருவது 500 வாட். அதுவும் கார் புளோவர் இருந்தால் மட்டுமே.

கையில் வந்தவையும் தள்ளியவையும்

பெரியவரின் பித்தளைக் கோரை மனமில்லாமல்தான் தள்ளினேன். உலோகம் சரி, கசிவும் இல்லை. ஆனால் முகப்பு 300 சதுர சென்டிமீட்டருக்கும் குறைவு. 360 ரேடியேட்டரின் முகப்பு 432. ஒரே ஒரு பிராசஸரை மட்டும் குளிர்விக்கும் சுற்றாக இருந்திருந்தால் அதைத்தான் வாங்கியிருப்பேன். ஃபேனுக்கும் கோருக்கும் நடுவே நாலைந்து சென்டிமீட்டர் இடைவெளி விட்டு பிளைவுட் கூடு கட்ட வேண்டும். ஃபேனின் நடு மொட்டுக்கு நேரே காற்று வராத வட்டம் விழுவதை அது தீர்க்கும்.

பைக் ரேடியேட்டர்கள் அளவில் பொருந்தும், மலிவும்கூட. ஆனால் அலுமினியம். ஒருமுறை பட்டது போதும்.

பழைய ஜன்னல் ஏசியின் குழாய்ச் சுருள் (காயில்) ஒன்றும் கைக்கு வந்தது. அதில் ஒரு நல்ல விஷயம்: தகடு அலுமினியமாக இருந்தாலும் தண்ணீர் தொடுவது உள்ளே ஓடும் செம்புக் குழாயை மட்டும்தான், ஆகவே அரிப்புப் பயமில்லை. முகப்பும் தாராளம். ஆனால் எங்களிடம் வந்ததில் ஒரே நீண்ட குழாய் மடிந்து மடிந்து போனது. பம்ப்புக்கு அது பெருஞ்சுமை. உள்ளே கம்ப்ரசர் எண்ணெய் படிந்திருந்தது. கழுவிக் கழுவி அலுத்துப்போய் விட்டுவிட்டேன்.

எஞ்சியது, கணினிக்கென்று செய்த பித்தளை–செம்பு ரேடியேட்டர். இங்கேதான் உண்மையான தடுமாற்றம். 60 மி.மீ. கனத்தில் ஒரு 360 வாங்குவதா, 30 மி.மீ. கனத்தில் இரண்டு 360 வாங்குவதா? இரண்டு வழியிலும் உலோகத்தின் கொள்ளளவு ஒன்றே. அக்கா மகனுக்குத் தடித்தது பிடித்திருந்தது, பார்ப்பதற்கும் கம்பீரமாக இருந்தது. கணக்கு இரண்டாவதன் பக்கம் நின்றது. தடித்த ரேடியேட்டரில் காற்று பாதி தூரம் போவதற்குள் பெருமளவு சூடாகிவிடும். பின்பாதித் தகடுகள் ஏற்கெனவே சூடான காற்றில் நிற்கும். தடை கூடுவதால் வரும் காற்றும் குறையும். இரண்டு மெல்லிய ரேடியேட்டர்களில் ஆறு ஃபேன், வினாடிக்கு 80 லிட்டர். காற்று ஏற வேண்டியது 4.9 டிகிரி மட்டும். வேகமான ஃபேனை முன்னும் பின்னும் வைத்து, இரைச்சலைப் பொறுத்துக்கொள்பவர்களுக்குத் தடித்தது பயன்படும். தூங்கும் வீட்டுக்கு அது சரிவராது.

தகட்டு நெருக்கமும் இதே கேள்விதான். அங்குலத்துக்கு 10 தகடு முதல் 30 தகடு வரை கிடைக்கின்றன. நெருக்கம் கூடினால் பரப்பு கூடும், கூடவே காற்றுத் தடையும். அதோடு சென்னைத் தூசி. மின்விசிறி இறக்கையில் ஒரு மாதத்தில் படிவதைப் பார்த்தவர்களுக்கு 30 தகடு நெருக்கத்தில் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஸ்கேல் வைத்து எண்ணி, 14 தகடு உள்ளதை எடுத்தோம்.

பொருத்தியது

பெட்டிக்குள் இரண்டையும் வைக்கலாம், முன்னால் ஒன்று, மேலே ஒன்று. ஆனால் முன்னது சூடாக்கிய காற்றை மேலது குடிக்கும். இரண்டு வாங்கியதன் பலன் பாதி போய்விடும். ஆகவே வெளியே வைத்தோம். ரேக் செய்யும் துளையிட்ட இரும்பு ஆங்கிளில் ஒரு நிலையடுக்கு, அதில் இரண்டு ரேடியேட்டரும் பக்கம் பக்கமாக, சூடான காற்று ஜன்னலைப் பார்த்து வெளியேறும்படி.

புதிய ரேடியேட்டருக்குள் ஈயப்பற்று வைத்தபோது தங்கிய ஃபிளக்ஸ் என்ற பற்றுப்பசை இருக்கும். சூடான டிஸ்டில்டு வாட்டரை ஊற்றி, குலுக்கி, வெள்ளை டப்பில் கொட்டினோம். முதல் முறை பச்சையாகவும் கறுப்புத் துகளோடும் வந்தது. ஐந்தாவது முறைதான் தெளிந்தது. பேட்டரிக் கடையில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டரே போதும். கேன் தண்ணீரில் உப்பு இருக்கிறது, அதை ஊற்றக் கூடாது. பிராசஸர் பிளாக்கை நீர்த்த வினிகரில் ஊறவைத்துப் பல்துலக்கும் பிரஷால் தேய்த்தபின் வாய்க்கால்கள் திறந்தன. கிராஃபிக்ஸ் பிளாக்குக்கும் அதே சிகிச்சை. புதிய நீரில் அரிப்புத் தடுப்பும் பாசி தடுப்பும் கலந்தோம்.

திருகாணியில் ஓர் எச்சரிக்கை. ஃபேனின் கனம் 25 மி.மீ.; 30 மி.மீ. திருகாணி போதும். சில ரேடியேட்டர்களில் துளைக்கு நேர் கீழே தண்ணீர்க் குழாய் ஓடுகிறது, நீளமான திருகாணியை முறுக்கினால் நேராக அதைக் குத்திவிடும். போடுவதற்கு முன் ஒவ்வொரு துளைக்குள்ளும் டார்ச் அடித்துப் பாருங்கள்.

மதர்போர்டுக்கு மின்சாரம் கொடுக்காமல் பம்ப்பை மட்டும் 24 மணி நேரம் ஓடவிட்டு, ஒவ்வொரு இணைப்பின் கீழும் டிஷ்யூ தாள் விரித்துவைத்தோம். எல்லாம் காய்ந்தே இருந்தன.

அளவீடு

கணக்கைச் சோதிக்க வேண்டும் என்று முதல் இரவு ஒரே ஒரு ரேடியேட்டரை மட்டும் இணைத்தேன். அறை 34, ஃபேன் 1,800. தண்ணீர் 50இல் நின்றது, வித்தியாசம் 16. மறுநாள் இரண்டையும் இணைத்தோம். அதே அறைச் சூடு, அதே ஃபேன் வேகம். தண்ணீர் 42. வித்தியாசம் 8, சரிபாதி. காற்றுக் கணக்கு சொன்ன விகிதமே வெப்பமானியில் வந்து நின்றபோது நானும் அவனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

ஆனால் 1,800இல் ஆறு ஃபேன் ஒன்றாகச் சுழன்றால் சத்தம் அதிகம். 1,100க்கு இறக்கினோம். வித்தியாசம் 11.5 ஆனது, அறையில் பம்ப்பின் மெல்லிய முனகல் மட்டும் கேட்டது. கத்திரி வெயில் உச்சத்தில் அறை 37 ஆன இரவில் தண்ணீர் 48.5, பிராசஸர் 79, கிராஃபிக்ஸ் 66. பம்ப்புக்கு நாங்கள் வைத்துக்கொண்ட 60 டிகிரி வரம்பு வெகு தொலைவில் இருந்தது. எல்லா ஃபிரேமும் முடிந்திருந்தன.

ஒரு இரவு மழைக்குப் பயந்து ஜன்னலைச் சாத்திவிட்டான். மூன்று மணி நேரத்தில் அறை 34லிருந்து 38க்கு ஏறியது, தண்ணீரும் கூடவே 4 டிகிரி ஏறியது. ரேடியேட்டர் வெப்பத்தைக் கணினியிலிருந்து எடுத்து அறைக்குள் கொட்டுகிறது, அவ்வளவுதான். அங்கிருந்து வெளியே அனுப்புவது ஜன்னலின் வேலை. ஏசி அறையில் வைத்திருப்பவர்களும் இதைக் கணக்கில் சேர்க்க வேண்டும். ஒரு டன் ஏசி அறையிலிருந்து வெளியேற்றும் வெப்பம் 3,500 வாட். மானிட்டர், பவர் சப்ளை இழப்பு எல்லாம் சேர்ந்து 600 வாட் தரும் கணினி அதில் ஆறில் ஒரு பங்கைத் தின்றுவிடும்.

ஆறு வாரம் கழித்து வித்தியாசம் 11.5லிருந்து 13க்கு நகர்ந்திருந்தது. பிராசஸருக்கும் தண்ணீருக்கும் உள்ள இடைவெளி 31இலேயே இருந்தது, ஆகவே பிளாக் சுத்தம். ரேடியேட்டர் முகத்தில் டார்ச் அடித்தால் தகடுகளின் வாயில் பஞ்சு போலத் தூசி. பெயின்ட் பிரஷால் தட்டிவிட்டு ஓட்டினோம், மீண்டும் 11.5. இப்போது ஞாயிறுதோறும் ரெண்டர் ஓடும்போது அறை, தண்ணீர், பிராசஸர் மூன்றையும் நோட்டில் எழுதுகிறான். முதல் வித்தியாசம் 13ஐத் தொட்டால் பிரஷை எடுக்கிறான். இரண்டாவது நகர்ந்தால் என்னைக் கூப்பிடச் சொல்லியிருக்கிறேன்.